கல்லோடு வந்தது

தொட்டிக் கண்ணாடியில் ஒரு கோடு இருந்தது.

சுண்டுவிரல் அகலம்தான். கண்ணாடியில் மெல்லியதாகப் படிந்திருந்த பச்சைப் பாசியை யாரோ விரலால் இழுத்துவிட்டதுபோல, அடியில் கிடந்த மணலிலிருந்து புறப்பட்டு ஒரு சாண் மேலேறி, அங்கே நின்றுபோயிருந்தது. ராஜகுரு தோள் துண்டின் நுனியால் துடைத்தான். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தான். அப்போதுதான் கோடு கண்ணாடிக்கு உட்புறத்தில் இருக்கிறது என்று தெரிந்தது.

நத்தையின் வேலையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். பாசி தின்பதற்காக விட்ட நத்தைகள் ஆறு. அவற்றைத் தேடினான். ஆறும் பின்பக்க மூலையில், தண்ணீர் முடிகிற விளிம்பில், ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன. அதற்கு மேல் ஏற இடமில்லாமல் நின்றதுபோல இருந்தது. பிறகு மீன்களை எண்ணினான். நேற்று ஐந்து. இன்று நான்கு.

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டை ஒட்டி அவனுக்கு உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. லோடு லாரி போகும்போதெல்லாம் தொட்டித் தண்ணீர் ஒருமுறை சிலிர்த்து அடங்கும். அன்று காலை கடை திறந்ததும் சீனிச்சாமி மக்காச்சோளக் குருத்து ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேசையில் போட்டார்.

"இதப் பாருங்க அண்ணாச்சி. குருத்துக்குள்ள ரம்பத்தூளு மாதிரி கெடக்கு."

ராஜகுரு குச்சியால் கிளறி ஒரு புழுவை வெளியே எடுத்தான். "படைப்புழு. வால்பக்கம் நாலு புள்ளி சதுரமா இருக்கு, பாத்தீகளா?"

"அப்ப நல்ல வெசமாக் குடுங்க. ஒரே அடியில போகணும்."

"அம்புட்டையும் கொன்னா பொறிவண்டும் சேந்துல்ல சாகும்? மொதல்ல வேப்பெண்ணெய் அடிங்க. நல்லது செய்யிற பூச்சியும் உங்க காட்டுல இருக்கு."

"பூச்சிமருந்துக் கடையில உக்காந்துக்கிட்டு பூச்சிக்கு வக்காலத்து வாங்குற ஒரே ஆளு நீங்கதான்யா!" என்று சீனிச்சாமி சிரித்துக்கொண்டே போனார்.

அது உண்மைதான். கடை வாசலில் லாரிக்காரர்களுக்கு ஒரு பானைத் தண்ணீரும் குருவிகளுக்கு ஒரு சட்டித் தண்ணீரும் வைக்காமல் அவன் ஒரு நாளும் பூட்டைத் திறந்ததில்லை. எந்த உயிரையும் முதலில் இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும், அதன் பிறகே அதைப் பற்றி முடிவு செய்ய வேண்டும் என்பது அவன் தொழில்முறை. அவன் பக்தியும் அதுவே.

கடல்மீன் தொட்டி அவன் ஆசைக்கு வந்ததல்ல. மாசி மாதம் மூன்று நாள் காய்ச்சலில் அவன் மனைவி சுகந்தி போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து ஆறு வயது மகள் சுகப்பிரியா வாய் திறக்கவில்லை. மதுரையில் பார்த்த டாக்டரம்மா, "தொண்டையில ஒரு கோளாறும் இல்ல. மனசு பூட்டிக்கிச்சு. அவளா எதுகிட்டப் போறாளோ அதைக் கொண்டாந்து பக்கத்துல வைங்க," என்றார். திரும்பி வரும்போது சாப்பிட இறங்கிய ஓட்டலில் ஒரு மீன்தொட்டி இருந்தது. ஆரஞ்சும் வெள்ளையுமாக வரியோடிய கோமாளி மீன்கள். குழந்தை அதன் முன்னால் அரைமணி நேரம் நின்றாள். அவள் உதடு அசைந்தது.

அது போதுமாயிருந்தது அவனுக்கு. குடிக்கிற தண்ணீருக்கே குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கிற ஊரில், உப்பை அளந்து கலந்து, பம்ப் வைத்து, தண்ணீரைக் குளிர வைக்கும் பெட்டி வைத்து, ஒரு கட்டில் நீளத்துக்கு ஒரு கடலை உண்டாக்கினான். மகள் பள்ளிவிட்டு வந்து பார்ப்பதற்காக விளக்கை மூன்று மணிக்கு மேல் எரியும்படி வைத்தான். முன்னிரவு வரை தொட்டிக்குப் பகல். மற்றபடி, வெக்கைக்காக ஜன்னல்களைச் சாத்திய அந்த அறையில், உச்சிப்பகல்தான் மீன்களுக்கு நடுராத்திரி.

மூன்று மாதமாக அவள் தினமும் முக்காலியைப் போட்டு தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். பத்து நாளைக்கு முன்பு அவள் வாயிலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. ராஜகுருவின் விதவை அக்கா தங்கச்செல்விதான் வீட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்கிறாள். அன்று அவள் கரண்டியும் கையுமாகக் கடைக்கே அழுதுகொண்டு ஓடிவந்தாள். அந்த ஒரு "ம்"மைப் பிடித்துக்கொண்டுதான் ராஜகுரு நடமாடிக்கொண்டிருந்தான். இப்போது அந்த மீன்களில் ஒன்றைக் காணவில்லை.

தூத்துக்குடியில் மீன்கடை வைத்திருக்கும் செல்வக்குமாருக்குப் போன் போட்டான். தொட்டி வைக்கச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

"கல்லோட ஏதாச்சும் கூட வந்திருக்கும் அண்ணாச்சி. பஸ்ஸுல டிக்கெட்டு எடுக்காம ஏறுற பயலுவ மாதிரி. ஒரு கடல்கல்லு வாங்குனா பத்துப் பேரு ஒளிஞ்சுதான் வருவான். லைட்டு அணைஞ்சப்புறம் டார்ச்சுல செவப்புக் கண்ணாடிப் பேப்பர சுத்திக்கிட்டுப் பாருங்க. செவப்பு வெளிச்சம் அதுக கண்ணுக்குத் தெரியாது. ஆளப் பிடிச்சிரலாம்."

மதியம் கடையைச் சாத்திவிட்டு ராஜகுரு இருட்டில் தொட்டி முன்னால் குந்தினான். சிவப்பு வெளிச்சத்தில் அவன் அறிந்த தொட்டி வேறாக இருந்தது. விளக்கெரியும்போது வெறும் கல்லாகக் கிடந்ததெல்லாம் ஊர்ந்தது. முள்மயிர் அடர்ந்த புழு ஒன்று கல்லிடுக்கில் நெளிந்தது. செல்வக்குமார் அனுப்பிய படங்களோடு ஒப்பிட்டு, மிச்சம்மீதி தின்று சுத்தம் செய்வது, இருக்கட்டும் என்று விட்டான். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும், பூப்போன்ற சிறு உயிர்கள் இரண்டு, தொட்டால் சுடுகிறவை, எடுக்க வேண்டும். மிளகளவு நட்சத்திரமீன்கள், நல்லவை. நகத்தளவு நண்டு ஒன்று, சந்தேகம். மீனைத் தின்னும் அளவுக்கு எதுவும் இல்லை. முழங்கால் வலிக்க எழப்போனவன் காதில் அது விழுந்தது.

டப்.

விரலைச் சொடுக்கியதுபோல. சத்தம் வந்தது மூலையில் கிடந்த கல்லிலிருந்து.

அந்தக் கல்லைச் செல்வக்குமார் தரவில்லை. சுகந்தியின் அஸ்தியைக் கரைக்கச் சேதுக்கரைக்குப் போனபோது, கையை விடமாட்டேன் என்று நின்ற மகளையும் ராஜகுரு கூட்டிப்போயிருந்தான். கலயத்தைக் கடலில் விட்டதும் ஐயர், "திரும்பிப் பாக்காமப் போங்கோ. கரையிலேர்ந்து ஒண்ணும் எடுத்துண்டு போகப்படாது," என்றார். நரிக்குடியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தியபோதுதான் பிள்ளையின் மடியில் அதைப் பார்த்தான். முஷ்டியளவு, உடல் முழுக்க ஓட்டை விழுந்த வெள்ளைக்கல். தாயைக் கொடுத்துவிட்டு வந்த பிள்ளையின் கையிலிருந்து ஒரு கல்லைப் பிடுங்க அவனுக்கு மனசு வரவில்லை. கடவுள் இதற்கெல்லாமா கோபிப்பார் என்று விட்டுவிட்டான். மூன்று வாரத்துக்கு முன்பு அவளே அதைத் தொட்டிக்குள் போட்டிருந்தாள்.

"சொடக்கு இறாலு," என்றான் செல்வக்குமார் மறுநாள் போனில். "கைய வச்சு டப்பு டப்புன்னு வெடிக்கும். பயப்படாதீய. எந்தக் கல்லு?"

"பாப்பா சேதுக்கரையில பெறக்குனது. ஆறு மாசம் அவ தலகாணிக்கடியில காஞ்சு கெடந்துச்சு. அதுக்கப்புறந்தான் உள்ள போட்டுருக்கா."

கடைக்கு வந்த ஆளை நிற்கச் சொல்லிவிட்டுச் செல்வக்குமார் பேசினான்.

"ஆறு மாசம் காஞ்ச கல்லுல பாசி கூடப் பொழைக்காது அண்ணாச்சி. எதுக்கும் அத எடுத்து வெளிய போட்ருங்க."

எடுத்துவிடலாம் என்றுதான் அன்று சாயங்காலம் கடையிலிருந்து உள்ளே போனான். விளக்கு வைக்கிற நேரம். சூடத்தின் வாசனையும், வெக்கை தணியாத சுவரின் வாசனையும், தொட்டியிலிருந்து வரும் கடலின் கவிச்சியும் ஒன்றாகக் கலந்திருந்தன. நிலைப்படியில் நின்ற தங்கச்செல்வி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏய்யா குரு, இந்தக் கூத்தப் பாரு. ஒம்மக மீனுக்கு நெட்டி முறிக்கிறா. நாலு நாளாப் பாக்கேன், தினமும் இதே நேரந்தான்."

சுகப்பிரியா முக்காலியில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு உள்ளங்கைகளாலும் தொட்டிக் கண்ணாடியை மேலிருந்து கீழாக வழித்தாள். பிறகு விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டின் இருபுறமும் வைத்து அழுத்தினாள். சுகந்தி தினமும் விளக்கு வைத்ததும் மகள் முகத்தை வழித்து, கண்ணேறு கழிய, அப்படித்தான் அழுத்துவாள்.

டப். டப். டப்.

"பிள்ளை வெரல்ல எம்புட்டு நெட்டி வருது பாரேன். அம்புட்டுத் திருஷ்டி அந்த மீனுகளுக்கு," என்றாள் அக்கா.

ராஜகுரு சிரிக்கவில்லை. அவன் மகளின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவை மெத்தென்றவை. மடங்கின, அழுந்தின. ஆனால் அவற்றிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. சத்தம் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அவள் அழுத்த அழுத்த, அது பதில் சொன்னது.

கல்லை எடுக்கக் கையை உயர்த்தினான். குழந்தை திரும்பி அவனைப் பார்த்தாள். "ம்," என்றாள். "ம்ம்." ஏழு மாதத்தில் இரண்டாவது தடவை. அவன் கை தானாக இறங்கிவிட்டது.

அதன் பிறகு கோடு ஒவ்வொரு நாளும் வளர்ந்தது. இரண்டு சாண். மூன்று சாண். மீன்கள் மூன்றாயின, இரண்டாயின. எலும்பு, செதில், எதுவும் மிச்சமில்லை. மிஞ்சிய கோமாளி மீன் இரண்டும் நத்தைகளோடு மேல் மூலையில் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொண்டு நின்றன. நத்தைகளிலும் நான்குதான். பிள்ளையின் பள்ளிச்சட்டைக் கை முழங்கை வரை நனைந்து காய்ந்து உப்புப் பூத்திருப்பதை அக்கா காட்டினாள். அவள் தண்ணீருக்குள் கையை விடுகிறாள். அதனிடம்.

மறுபடியும் உச்சிப்பகல். தகரக் கூரை வெயிலில் படபடவென்று சத்தமிட்டது. ரோட்டில் லாரிகூட இல்லை. ராஜகுரு நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, திருச்சுழித் திருமேனிநாதரை மனதில் வைத்துக்கொண்டு, சிவப்பு வெளிச்சத்தை அந்தக் கல்லின் மேல் பிடித்தான். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, ஓட்டை ஒன்றிலிருந்து வெளிறிய ஏதோ ஒன்று வந்தது. புழு இல்லை. கணு இருந்தது. மடங்கியது. நிமிர்ந்தது. மறுபடி மடங்கியது. பக்கத்து ஓட்டையிலிருந்து இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று.

சுற்றுவட்டாரத்துப் புழுவுக்கெல்லாம் பெயர் சொன்னவனுக்கு அதற்குப் பெயர் தெரியவில்லை.

கடலில் எதன் கண்ணுக்கும் தெரியாது என்று செல்வக்குமார் சொன்ன அந்தச் சிவப்பு வெளிச்சத்தை நோக்கி அவை எல்லாம் மெதுவாகத் திரும்பின.

டார்ச் கீழே விழுந்தது. இனி யோசிக்க இடமில்லை. மகளின் கை அதற்குள் போகிறது. சட்டைக் கையைச் சுருட்டி, கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீருக்குள் கைவிட்டுக் கல்லைப் பற்றினான். கனம் கூடியிருந்தது. பின்கட்டுக்குக் கொண்டுபோய் வாளியில் போட்டான். கடலில் பிறந்ததற்கு நல்ல தண்ணீர்தான் விஷம். செல்வக்குமார் சொல்லிக்கொடுத்த வழி அது. ஒட்டி வந்தவை எல்லாம் மூச்சுத்திணறிக் கல்லை விட்டு வெளியேறும்.

ஆறு நாளைக்கு ஒருமுறை குழாயில் வரும் குடிதண்ணீர். அதில் ஒரு குடத்தை எடுத்துக் கல்லின் மேல் ஊற்றினான். தாகத்துக்குத் தண்ணீர் வைத்தே வாழ்ந்தவன், முதல் தடவையாகக் கொல்வதற்குத் தண்ணீர் ஊற்றுகிறான். நட்சத்திரங்கள் உதிர்ந்தன. நகத்தளவு நண்டு மல்லாந்து துடித்தது. "மன்னிச்சிரு, மன்னிச்சிரு," என்று ஒவ்வொன்றிடமும் முணுமுணுத்தான். ஓட்டைகளிலிருந்து மட்டும் எதுவும் வரவில்லை.

பிறகு சத்தம் கேட்டது. மெதுவாக. தண்ணீருக்கடியிலிருந்து.

டப். டப். டப். டப். டப். டப். டப். டப்.

சற்று நிறுத்தி,

டப்.

ஒன்பது. அதோடு நின்றது.

ராஜகுரு வாளிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கல்யாணமான வருஷம் கடை ஷட்டரை அவன்தான் இறக்கினான். சுகந்தியின் இடது சுண்டுவிரல் அதில் மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அந்த விரல் மடங்காது. எத்தனை தடவை நெட்டி முறித்தாலும் அவளுக்கு ஒன்பதுதான். "பத்தாவது திருஷ்டிய ஒங்கப்பா தின்னுட்டாரு," என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்தக் கணக்கு அந்த வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

"சுகந்தி?"

வாளியில் ஒரு குமிழி வந்து உடைந்தது.

அவன் எதையும் யோசிக்கவில்லை. நல்ல தண்ணீரில் மூச்சுத்திணற வைத்துவிட்டேனே என்ற ஒன்றைத் தவிர. கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினான். உப்புத்தண்ணீரில் மெல்ல இறக்கிவைத்தான். நல்லது செய்யிறதும் இருக்கும். எல்லாமே கெட்டது இல்லை. பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிறாள். வேறென்ன. வேறென்னவாக இருக்க முடியும்.

அன்று விளக்கு வைத்ததும் அக்கா பால் வாங்கப் போனாள். தொட்டி முன்னால் மகளும் அவனும் மட்டும். தொட்டி விளக்கு எரியவில்லை. ஈரக்கையால் தொட்டதில் கெட்டுப்போயிருக்கும். அகல்விளக்கு வெளிச்சம்தான். சுகப்பிரியா அவனுக்கு முன்பே முக்காலியில் ஏறி நின்றிருந்தாள். அவள் இரண்டு கையும் முழங்கை வரை நனைந்திருந்தன.

"தாயி," என்றான். "அம்மா வந்திருக்கா. எனக்கும் தெரிஞ்சுபோச்சு. கூப்புடு தாயி. ஒரே ஒரு தடவ, அம்மான்னு கூப்புடு. அப்பா வேற எதுவும் கேக்கமாட்டேன்."

முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அகல்விளக்கைத் தூக்கிக் கண்ணாடியருகே பிடித்தான். மீன் இல்லை. ஒன்றுகூட. நத்தை ஓடுகள் நான்கும் மணலில் மல்லாந்து கிடந்தன, காலியாக. கல் அவன் வைத்த இடத்தில் இருந்தது. இரண்டாகப் பிளந்து. உள்ளே கூடு மாதிரி ஒரு குழி. குழியில் ஒன்றுமில்லை.

கோட்டைப் பார்த்தான்.

மணலிலிருந்து ஏறியது. மூன்று சாண். நான்கு. தண்ணீர் விளிம்பு. அதையும் தாண்டி, கண்ணாடியின் விளிம்பு. விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கம் இறங்கியது. இங்கே துடைத்தால் போகும். ஈரம். முக்காலி. முக்காலிக் காலில் இல்லை. மேலே. பாவாடை. சட்டை. கழுத்து.

"பாப்பா."

அவள் திரும்பினாள். உதடு இறுக மூடியிருந்தது. கன்னம் இரண்டும் லேசாக உப்பியிருந்தன. சாப்பாட்டை வாயில் அடக்கிக்கொண்டு விழுங்காமல் உட்கார்ந்திருப்பாளே, அப்படி. அவள் கண் மட்டும் எதையோ சொல்லத் தவித்தது.

குளிர்ந்த கைகளால் அவன் முகத்தைப் பிடித்தாள். கடல் கவிச்சி. மேலிருந்து கீழாக, அன்பாக, வழித்தாள். விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினாள்.

மெத்தென்ற விரல்கள். சத்தமில்லை.

சத்தம் மூடிய வாய்க்குள்ளிருந்து வந்தது.

டப். டப். டப். டப். டப்.

அவன் எண்ணினான். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

டப். டப். டப்.

டப்.

ஒன்பது. ஈசுவரா, இதோடு நிற்கட்டும். இதோடு நின்றால் அது சுகந்திதான். நிற்கட்டும்.

குழந்தை வாயைத் திறந்தாள். அகல்விளக்கின் வெளிச்சம் உள்ளே விழுந்தது. நாக்கின் மேல், கணுக்கணுவாய் வெளிறி ஒடுங்கியிருந்தவை வெளிச்சத்தை நோக்கி மெதுவாகத் திரும்பின. அவற்றில் கடைசியாய் இருந்த சின்னது, மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது, இப்போது மடங்கியது.

டப்.